முந்திக் கூப்பிட்ட பேஸ்மேக்கர்

பூங்காவனத்தின் தளர்ந்த இதயத்தில் வலது கீழறையும் இடது கீழறையும் ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்ந்தன. வலது சட்டென்று சுருங்கிவிடும். வீங்கிப்போன இடது எப்போதும் பிந்தித்தான் சுருங்கும். நடுச்சுவர் அங்கும் இங்கும் ஆடும். நாலு படி ஏறினாலே பூங்காவனத்துக்கு மூச்சு வாங்கும்.

டாக்டர் புதிதாகப் பொருத்திய பேஸ்மேக்கர், சுருங்கச் சொல்லி மின்துடிப்பால் இரண்டையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டது. அப்போதும் இடது பிந்தியது.

"சோம்பேறி," என்றது வலது.

மறுமுறை சோதித்தபோது டாக்டர் பேஸ்மேக்கரின் நேரத்தை மாற்றி வைத்தார். அதிலிருந்து அது வலதைவிட இடதைக் கொஞ்சம், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, முந்திக் கூப்பிட்டது.

வலதுக்குப் பொறுக்கவில்லை. "அவனுக்கு மட்டும் என்ன சலுகை? ரெண்டு பேரையும் ஒண்ணா கூப்பிடுறதுதானே நியாயம்?"

"நியாயமாத்தான் இருந்துச்சு," என்றது பேஸ்மேக்கர். "அந்த அம்மாவுக்குத்தான் மூச்சு வரல. நான் கூப்பிடுறது அவனுக்குள்ள பரவ நேரமாகுது."

இப்போது இரண்டும் சேர்ந்தே சுருங்கின. சுவர் ஆடவில்லை. பூங்காவனம் மொட்டைமாடிக்கு ஏறித் துணி காயப்போட்டுவிட்டு வந்தாள்.

வலது கீழறை மேலறைகளிடம் சொன்னது: "பாத்தீங்களா? நான் திட்டித் திட்டித்தான் அவன் திருந்தினான்."