ஒளிவுமறைவில்லாத கேக்

"அக்கா, நல்லா யோசிச்சிட்டீங்களா? நெட்ல போட்டுட்டா அப்புறம் அது ஊர்ச் சொத்து."

கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டான் அஃப்சல். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெயராணி, மடியிலிருந்த நோட்டைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள்.

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன். போடு தம்பி."

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் அஃப்சலின் பிரவுசிங் சென்டர். நாலே கம்ப்யூட்டர். யாராவது கேட்டால் வெப் பேஜும் செய்து கொடுப்பான். ஜெயராணி அதே தெருக்காரி. புருஷன் போன பிறகு, கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டிலேயே ஃப்ரூட் கேக் செய்து விற்றுத்தான் மகனைச் சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேக்குக்காகப் பண்ருட்டியிலிருந்துகூட ஆள் வரும்.

"கைப்பக்குவத்தை இப்படிச் சும்மா தூக்கிக் கொடுத்துட்டா, வர்ற டிசம்பர்ல உங்க வாசலுக்கு யாருக்கா வருவா?"

"வராட்டிப் போறாங்க. அஞ்சு வருஷமா இதே பேச்சு. சர்ச்சுக்குப் போனா, 'ஜெயராணி செய்முறையை மறைக்கிறா'ன்றாங்க. சிதம்பரத்துல இருக்கிற என் நாத்தனார் புஷ்பவள்ளி, இதுக்காக என்கூடப் பேசறதையே வுட்டுட்டா. எனக்கு எதுக்கு அந்தப் பாவம்? எல்லாரும் பாத்துக்கட்டும்."

அஃப்சலுக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு வெள்ளந்தியா என்று நினைத்துக்கொண்டே நோட்டைப் புரட்டினான். மொத்தம் முப்பத்தாறு படிகள்.

"அக்கா, உலர்ந்த திராட்சையை ஒவ்வொண்ணா காம்பு கிள்ளி, நாலு நாலா நறுக்கணுமா?"

"ஆமா."

"பழமெல்லாம் திராட்சைச் சாறுல நாப்பது நாள் ஊறணும். தெனம் காலைல ஆறு மணிக்கு மரக்கரண்டியால வலப்பக்கமாவே கிளறணும். ஒரு நாள் தவறினாலும் கொட்டிட்டு மறுபடி மொதல்லேர்ந்து..."

"எழுத்து புரியுது இல்ல?"

"புரியுது. ஆனா, மாவை ஏழு தடவ சலிக்கறது, முட்டை வெள்ளையைக் கையாலயே முக்கா மணி நேரம் அடிக்கறது, வெந்த கேக்கைத் துணியில சுத்தி ஒம்பது நாள் தொடாம வைக்கறது... ரொம்ப ஜாஸ்தியா இருக்கேக்கா. பத்து நாள் ஊறினாப் போதும்னு போட்டுக்கலாமா? படிக்கறவங்களுக்கும் ஈஸியா இருக்கும்."

ஜெயராணி தலையை ஆட்டினாள். "ஒரு வரிகூடக் குறைக்காத தம்பி. நாளைக்கே 'பாத்தியா, எதையோ மறைச்சிட்டா'ன்னுடுவாங்க."

அவன் நோட்டில் இருந்ததை அப்படியே டைப் அடிக்க ஆரம்பித்தான். மூன்று நாள் உட்கார்ந்து பக்கத்தை இழைத்தான். மேலே கேக்கின் படம், நடுவில் ஓடும் எழுத்து, அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண். ஜெயராணி பர்ஸைத் திறந்தபோது, "உங்ககிட்ட வாங்கினா எனக்கு ஒட்டாதுக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

அவள் கேட்டது ஒன்றுதான். "கடைசில என் போன் நம்பரைப் போட்டுடு. யாருக்காவது சந்தேகம்னா கேப்பாங்க இல்ல?"

அது 2009 அக்டோபர் கடைசி. ஒரே வாரத்தில் செய்தி பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில், உள்ளதைப் பகிர்ந்தவள் என்று ஜெயராணியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார் பாஸ்டர். புஷ்பவள்ளி சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். அஃப்சலின் மனைவி மலிகாவும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அடுப்படிச் சுவரில் ஒட்டி, ஜாடியில் பழங்களை ஊறப்போட்டாள்.

பதினோராவது நாள் ஒரு கல்யாணத்துக்குப் பரங்கிப்பேட்டை போனதில் கிளறுவது விட்டுப்போனது. கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். ஆறாவது நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல். அன்றைக்கும் விட்டுப்போயிற்று. ஜாடியைக் கழுவிக் கவிழ்த்தவள் சுவரிலிருந்த பேப்பரையும் கிழித்து எடுத்தாள்.

"மச்சான், இது மனுஷங்களால ஆவுற வேலையில்ல. பாப்பா பொறந்த நாளுக்கு அந்த அக்காகிட்டயே ரெண்டு கிலோ சொல்லிடுங்க. பாவம், எப்படித்தான் ஒத்தையாளா இவ்ளோ பாடுபடறாங்களோ."

டிசம்பர் நடுவில் ஒரு நாள் அஃப்சல் ஜெயராணி வீட்டுக்குப் போனான். வாசலில் ஈ கூட இருக்காது, நம்மால்தான் அவள் பிழைப்பு கெட்டது என்று வழியெல்லாம் உறுத்திக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், வாசற்படியில் கால் வைக்க இடமில்லாமல் செருப்புகள். உள்ளே சர்ச் பெண்கள் அத்தனை பேரும் ஆர்டர் கொடுக்க வரிசையில் நின்றிருந்தார்கள். முதல் நாற்காலியில் புஷ்பவள்ளி.

"ஒரு வாரம்தான் அண்ணி கிளறினேன். தோள்பட்டையே போயிடுச்சு. எனக்கு அஞ்சு கிலோ எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

கூட்டம் குறைந்ததும் அஃப்சல் கிட்டே போனான்.

"ரெண்டு கிலோ வேணுங்க்கா. மகளுக்குப் பொறந்த நாளு, பிப்ரவரி மொத வாரம். ஊறறதுக்கு நாப்பது நாள், அப்புறம் ஒம்பது நாள் ஆவும்ல. அதான் இப்பவே சொல்லிடலாம்னு வந்தேன்."

"அதுக்கு எதுக்கு இப்பவே? பொறந்த நாளுக்கு மொத நாள் சொன்னாப் போதும்."

"அப்ப ஊற வச்ச பழம் ஸ்டாக் இருக்காக்கா?"

"இல்லியே. அன்னைக்குத்தான் கடைக்குப் போயி வாங்கணும். சாயங்காலம் சுடுதண்ணில போட்டா, காலைல கேக்கு வந்துடும்."

அஃப்சல் குரலைத் தாழ்த்தினான். "அப்ப அந்த முப்பத்தாறு படி?"

ஜெயராணி அடுத்து நின்றவளை வரச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அவன் பக்கம் லேசாகச் சாய்ந்தாள்.

"அப்படிச் செஞ்சாலும் நல்லாத்தான் வரும் தம்பி. எனக்கு ஏது அவ்ளோ நேரம்?"