துடக்கில்லாத திருவிழா

இரத்தம் வழியக் கோயிலை நோக்கி ஓடிவந்த இளைஞனைக் கண்டதும் அன்றைய திருவிழா உபயகாரர் இளையதம்பியர் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினார். அவனுக்குப் பின்னால் வாளோடு மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள்.

"ஐயா, திறவுங்கோ. கொல்லப் போறாங்கள்."

"திறந்து விடுங்கோ," என்றார் குருக்கள்.

"உவன் உள்ளுக்கை செத்தால் துடக்கு, ஐயா. தீட்டெண்டு பூசை நிண்டுபோடும். இண்டைக்கு எங்கடை வீட்டுத் திருவிழா." பூட்டின் திறப்பை மடியில் செருகிக்கொண்டார்.

முதல் வெட்டு அவன் கையில் விழுந்தது. அடுத்தது கழுத்தில். பிடித்த கம்பியை விடாமலே சரிந்தான்.

வெட்டியவர்கள் போனதும் அவனை ஓட்டோவில் தூக்கிப் போட்டு அனுப்பினார்கள். உயிர் இருந்ததோ என்று இளையதம்பியர் கேட்கவில்லை. வாசலைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பித்தார். மேளம் முழங்கச் சாமி வெளியே வந்தது.

ஒரு குறையுமில்லாமல் எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார். பட்டுச் சேலையோடு நின்ற தாய் தங்கமுத்து மெல்லக் கேட்டாள்.

"திருவிழா முடிஞ்சுதுதானே, மோனை. விடியக்காலமை கனடாவிலை செத்த உன்ரை அண்ணைக்கு, இனியாவது நான் வாய்விட்டு அழட்டோ?"