அண்ணியின் கைப்பக்குவம்

"இன்னைக்கு ஒரு நாளாவது அடுப்படிப் பக்கம் போகாதே தாயே! ஓட்டல்ல சொல்லிடறேன்" என்று மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான் கணவன்.

பின்னே? அவன் தம்பிக்கு இன்று பல் வந்துவிட்டதே!

வேலைக்குப் போகிற பையன்தான். ஆனால் பிறவியிலேயே பாதிப் பல் முளைக்கவில்லை. இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்துத் தாடையில் வைத்து, அது ஒட்டும்வரை காத்திருந்து, ஸ்க்ரூ இறக்கி, இன்றுதான் மேலே பல்லைப் பொருத்தினார்கள். "இனிமே எதை வேணா கடிங்க!" என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார் டாக்டர்.

வந்ததிலிருந்து கண்ணாடியை விட்டு நகரவில்லை அவன்.

"அம்மா, இங்கே பாரேன்!"

"பார்த்துட்டேன்டா, முப்பத்திரண்டையும் பார்த்துட்டேன்!" அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"எதையாவது கடிக்கணும்மா. சத்தம் வரணும்!"

"அதுக்குத்தான் ஓட்டல்ங்கிறேன். உங்க அண்ணி கை பட்டா கல்லும் குழைஞ்சிடும்" என்றான் அண்ணன்.

சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் வடித்த சோறு பசை, வைத்த காய் கூழ். ஒருமுறை வந்த விருந்தாளி மறுமுறை சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்.

"முன்னாடி இவன் ஒருத்தனுக்குத்தான் தனியாக் குழைச்சு, ரூமுக்குக் கொண்டுபோய்க் குடுப்பேன். இவ வந்தப்புறம் வீட்டுச் சாப்பாடே குழைஞ்சு போச்சு!" என்றாள் மாமியார்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் நுழைந்தாள்.

"போச்சுடா!" என்று தலையில் கை வைத்தான் கணவன்.

கொஞ்ச நேரத்தில் மேஜைக்குத் தட்டுகள் வந்தன. உதிரி உதிரியாகச் சோறு. ஒரு கிண்ணம் நிறையப் பொன்னிறத்தில் உருளைக்கிழங்கு வறுவல்.

தம்பி ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

மொறுக்!

"கேட்டுச்சா? அண்ணி, கேட்டுச்சா?" நாற்காலியை விட்டே குதித்துவிட்டான். அம்மா கைதட்டினாள்.

அண்ணனும் ஒன்றை வாயில் போட்டான். அப்புறம் இன்னொன்று. அப்புறம் கிண்ணத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அடிப்பாவி! இவ்வளவு நல்லா சமைக்கத் தெரிஞ்சுமா இத்தனை நாளா எங்களை வதைச்சே?"

அவள் கிண்ணத்தைப் பிடுங்கி, கொழுந்தன் தட்டில் இன்னும் நாலு துண்டு வைத்தாள்.

"சமைக்கவெல்லாம் நல்லாத் தெரியுங்க. ஒருத்தரை மட்டும் தனியா உட்கார வெச்சுச் சாப்பாடு போடத்தான் எனக்குத் தெரியல."