தகரப் பெட்டிக்குள் ஒரு நோட்டு

"புருஷன்னு பாத்தெல்லாம் ஓட்டுப் போட முடியாது. என் ஓட்டு இன்டர்நெட்டுக்குத்தான்" என்றாள் லூசில், எல்வினின் தட்டில் இருந்த பான்கேக் மேல் மேப்பிள் பாகை ஊற்றியபடி.

எல்வினுக்குச் சுருக்கென்றது. "பாகை மட்டும் ஊத்து. விஷத்தை ஊத்தாதே."

வெர்மான்ட்டின் அந்தச் சின்ன ஊரில் அமெச்சூர் ரேடியோ மன்றத்துக்கு மொத்தமே பதின்மூன்று உறுப்பினர்கள். கணினியில் தட்டிய கடிதத்தைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து, ரேடியோ அலையிலேயே மலை தாண்டி அனுப்பும் பைத்தியங்கள். நடுவில் அதை வாங்கி அடுத்த ஊருக்குத் தள்ளிவிடுவது, பார்ட்ரிட்ஜ் குன்றின் உச்சியில் எல்வின் தன் கையால் கட்டிய நிலையம். ஒரு தகரப் பெட்டி, சூரியத் தகடு, பேட்டரி, அவ்வளவுதான். ஆனால் எல்வினுக்கு அது உயிர்.

அதை மூடிவிட்டு எல்லாவற்றையும் இன்டர்நெட் வழியாகவே இணைத்துவிடலாமா என்று நாளை ஓட்டெடுப்பு. ஆறுக்கு ஆறு என்று இழுபறி. மிச்சம் இருப்பது மன்றத் தலைவர் லூசிலின் ஓட்டு ஒன்றுதான்.

"வெள்ளத்துல பாலம் அடிச்சுக்கிட்டுப் போனப்ப இன்டர்நெட் கேபிளும் கூடவே போச்சே, ஞாபகம் இருக்கா? நாலு நாள் ஊர்ச் சேதியைச் சுமந்தது யாரு? என் பொட்டிதானே?"

"அந்த நாலு நாளுக்காக மிச்ச நாள் பூரா யாரு அந்த மலையைக் கட்டிக்கிட்டு அழறது?"

"அழறதுக்கு என்ன இருக்கு? எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு, இனிமே மலை ஏறாதேன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷமாச்சு. அன்னியிலேருந்து ஒரு ஆள் அதுல கை வைக்கல. ஜம்முனு ஓடுது! போன ஜனவரிப் புயல்ல, வெள்ளிக்கிழமை பொட்டிக்கு மூச்சு நின்னு போச்சு. சனிக்கிழமை மத்தியானம் தானா எழுந்து உக்காந்துச்சா இல்லியா? எல்வின் கட்டினா அப்படி!"

"ஆமா, உலக அதிசயம்." லூசில் முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள்.

"காலுக்கு என்ன?"

"சனிக்கிழமை போர்வை தைக்கிற கிளாஸ்ல உக்காந்து உக்காந்து பிடிச்சுக்கிச்சு."

"நீயும் மாசாமாசம் போய்த் தைக்கிறே. ஒரு தலையணை உறைகூட வீடு வந்து சேரல. மூக்கு மட்டும் செவந்து போய் வருது."

"அங்கே ஹீட்டர் சரியில்ல. பான்கேக் ஆறுது, சாப்பிடுங்க."

எல்வின் விடவில்லை. "பொட்டிக்குள்ள நோட்டு இருக்குல்ல? ஒரு திருகாணியைத் தொட்டாலும் தேதி போட்டு, என்ன செஞ்சோம்னு எழுதி, கையெழுத்து மாதிரி அவங்கவங்க ரேடியோ அழைப்புக் குறியைப் போடணும். அதுதானே மன்றத்து விதி? நம்ம மன்றத்து ரோலண்டை அனுப்பி அதை எடுத்துட்டு வரச் சொல்றேன். கடைசியா என் குறிதான் இருக்கும். அதைப் பாத்தா நீ மட்டுமில்ல, அந்த ஆறு பேரும் வாயை மூடிக்குவாங்க."

லூசிலின் கை அப்படியே நின்றது. "எதுக்கு அந்த மனுஷனைப் பனியில மலை ஏத்தறீங்க?"

"பயந்துட்டியா தலைவரம்மா?" என்று எல்வின் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பான்கேக்கும் இனித்தது.

மறுநாள் மத்தியானம், தீயணைப்பு நிலையக் கூடத்தில் காபியும் டோனட்டுமாகக் கூட்டம் கூடியது. ரோலண்ட் பூட்ஸில் பனியோடு வந்து, எல்வினின் முகத்தைப் பார்க்காமலே நோட்டை நீட்டினான்.

"அண்ணே, ரொம்ப ஈரமா இருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய வச்சு, அப்புறமாப் படிங்களேன்."

லூசில் சட்டென்று எழுந்தாள். "நோட்டெல்லாம் எதுக்கு? என் ஓட்டு ரேடியோவுக்கே. முடிஞ்சுது விஷயம். எல்லாரும் டோனட் எடுத்துக்குங்க."

பாதிப் பேர் கை தட்டினார்கள். எல்வினுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவள் இப்படிச் சுலபமாக விட்டுக்கொடுத்ததே இல்லை. அதை ஊர் முன்னால் முழுசாக ருசிக்க வேண்டாமா?

"அப்படிப் பாவம் பாத்துப் போடற ஓட்டு எனக்கு வேண்டாம். நிரூபிச்சுட்டே ஜெயிக்கிறேன்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தார். தன்னுடைய குறியைத் தேடிப் பிடித்தார். அடுத்த பக்கம் புரட்டினார். அதற்கடுத்த பக்கமும் புரட்டினார்.

"சத்தமாப் படிங்கண்ணே!" என்றது ஒரு குரல்.

எல்வின் நோட்டை மூடிவிட்டு வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என் ஓட்டை மாத்திக்கிறேன். இன்டர்நெட்டுக்கு."

கூடமே கூச்சலானது. "உங்களுக்கு என்ன ஆச்சு எல்வின்?" என்று லூசில் பதறினாள்.

"நல்ல முழங்கால் இருக்கிற ஆள் கிடைக்கிற வரைக்கும் இன்டர்நெட்டே இருக்கட்டும் லூசி." அவர் நோட்டை அவள் பக்கம் தள்ளினார்.

அதில் எல்வினின் கடைசிக் குறிக்குக் கீழே, பனி தட்டினேன், பேட்டரி மாற்றினேன், தகட்டைத் துடைத்தேன் என்று இருபத்துநாலு சனிக்கிழமைகள், அத்தனையும் லூசிலின் அழைப்புக் குறியோடு. முதல் பதிவின் ஓரத்தில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: 'இதைப் படிப்பவர் யாரானாலும் எல்வினிடம் சொல்ல வேண்டாம், தானாக ஓடுகிறது என்று நினைத்துச் சந்தோஷமாக இருக்கிறார்.'