அசல் கைப்பிடி

நாற்பது வருடப் பழைய டவுன் பஸ்ஸுக்கு மெருகேற்றி, டெப்போ வாசலில் கண்ணாடிக் கூடம் கட்டி நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் திறப்பு விழா. படிக்கட்டுக் கைப்பிடி மட்டும்தான் பாக்கி.

"ஏன்யா லேட்டு?" மேனேஜர் மெக்கானிக்கிடம் எரிந்து விழுந்தார்.

"வந்த பஸ் நடுரோட்டுல நின்னுடுச்சு சார். இறங்கித் தள்ளினோம்."

"சாக்குக்கு மட்டும் குறைச்சலில்ல. உலகத்துலயே இந்த மாடல் இது ஒண்ணுதான்யா மிச்சம்! கண்ட தகரத்தை மாட்டி என் மானத்தை வாங்காதே."

மெக்கானிக் பையிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.

"அட, அசல்! எந்த மியூசியத்துல புடிச்சே?"

"நான் வந்த பஸ்லதான் சார். ஏறும்போதே கையோட வந்துடுச்சு. நம்ம டெப்போ வண்டிதான், இதைவிட ரெண்டு வருஷம் மூத்தது. இதைப் பாக்க வர்ற ஜனங்களை நாளைக்கு அதுலதான் ஏத்திட்டு வரப்போறோம்."