மேற்குச் சுவர்

நாகமலை புதுக்கோட்டையில் பங்குனி வெயில் மொட்டைமாடியைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. இட்லி மாவு அரைத்து விற்கும் முனீஸ்வரி தன் வீட்டு சோலார் பலகைகளுக்கு அருகில் வெறுங்காலோடு நிற்கிறாள். மேற்குப் பக்கத்து வீட்டு மலையாண்டி புதிதாக எழுப்பும் மாடிச் சுவரின் நிழல் முதல் பலகையின் மேல் ஏறிவிட்டது. ஒரு பலகை மறைந்தாலே மற்றவையும் சோர்ந்துவிடும் என்று மாட்டியவர்கள் சொல்லியிருந்தார்கள். கீழே பேட்டரி இன்னும் பாதிகூட நிறையவில்லை. விடியற்காலையில் கிரைண்டர் ஓட இனி கம்பத்துக் கரண்டுதான். மாவு விற்ற காசு பில்லுக்கே போகும். பில்லில் மிச்சம் பிடித்தே போட்ட முதலை எடுத்துவிடலாம் என்று நம்பித்தான் போன வருஷம் நகைகளை விற்று இவற்றை மாட்டினாள். "அண்ணே, பூராத்தையும் மறைக்குதுண்ணே" என்கிறாள். சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த மலையாண்டி ஹோஸைத் தாழ்த்துகிறார். "நானும் தூங்காம யோசிச்சேன்த்தா. கட்டிக்கொடுக்கப்போற மகளுக்கு நான் வேற எங்க போயி எடம் வாங்குவேன்? நீயே சொல்லு." ஹோஸ் தண்ணீர் செங்கல்லில் சளசளவென்று இறங்குகிறது. நிழல் இரண்டாவது பலகையைத் தொடுகிறது. அதன் நீலம் மெல்லக் கறுக்கிறது. "வெயில்ல நிக்காதத்தா, காலு பொத்துப்போகும். இப்படி நெழலுக்கு வா" என்கிறார் மலையாண்டி, உண்மையான அக்கறையோடு. "இந்தா வாரேன்" என்று அவள் நகர்ந்து அந்தச் சுவரின் நிழலுக்குள் நிற்கிறாள். எரிந்த பாதங்களுக்கு அது இதமாக இருக்கிறது. அந்த இதத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.