ஈரப் போர்வை

ஒரே குண்டில் விழுந்த மூஸ் மான், விழுவதற்குத் தேர்ந்த இடம்தான் பிழை. ஏரிக்கரைச் சேற்றில், முழங்கால் தண்ணீரில் கிடந்தது. நானூறு கிலோவுக்குக் குறையாது. தவராசாவும் மனைவி சறோவும் மகள் நிருஜாவும் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள்; அது அசையவே இல்லை. இலையுதிர்கால வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் கரையேற்றி வெட்டாவிட்டால் இறைச்சி பழுதாகிவிடும். நிருஜாவின் முதல் வேட்டை அது.

"ஆரையும் கூப்பிடுவமே அப்பா?" என்றாள் நிருஜா.

"இந்தக் காட்டில ஆரைப் பிள்ளை கூப்பிடுறது?"

சறோ கயிற்றைப் பார்த்தபடி நின்றாள். "இஞ்சேருங்கோ, வீட்டில உடுப்புக் காயப்போட நீங்கள் நட்ட கம்பம் ரெண்டும் ஏன் உள்ளுக்குச் சரிஞ்சது?"

"இப்ப ஏன் அந்தக் கதை?"

"நடுக்கயித்தில ஒரு ஈரப் போர்வைதான் போட்டனான். விறைப்பாக் கட்டின கயித்தை நடுவில கொஞ்சம் அமத்தினாலே ரெண்டு நுனியையும் இழுத்துப்போடும்."

 தவராசா ஓடிப்போய்க் கயிற்றின் ஒரு நுனியைக் கொம்பிலும், மற்றதைக் கரையிலிருந்த பைன் மரத்திலும் விறைப்பாகக் கட்டினார். மூவரும் நடுக்கயிற்றில் பக்கவாட்டாகச் சாய்ந்தார்கள். சேறு சளக்கென்றது.

"அம்மா, வருது!"

"அந்தக் கம்பம் ரெண்டையும் இனி நிமிர்த்த மாட்டன்," என்றார் தவராசா, பரிசு வாங்கியவரைப்போல. "கொம்மாவின்ர பேரைச் சொல்லிக்கொண்டு அப்பிடியே நிக்கட்டும்."

தொய்ந்த கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டினார்கள்; மறுபடி நடுவில் சாய்ந்தார்கள். ஒவ்வொரு சாய்வுக்கும் மூஸ் நாலு விரற்கடை கரைக்கு வந்தது.